மண்ணிலுள்ள கொக்கிப்புழுவும் க்ஷயரோகியும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கங்களில் தொழிற்சாலைகள் பெருகியபின், நிலமுடையோர் பலர் தொழிலாளருக்கு வாடகை அறைகள் கட்டிவிட்டிருக்கின்றனர். அறைகளுக்கேற்ற கக்கூஸ் இல்லாவிடில் தோப்பும் வரப்பும் மலங்கழிக்குமிடமாகின்றன. அதனால் கொக்கிப்புழு பரவுகின்றது.

மலத்தோடு வெளிப்படும் இப்புழுவின் முட்டைகள் ஈரமும் நிழலுமுள்ள மண்ணில் ஓரிரு நாளில் பொரிக்கும். சுமார் ஒரு வாரத்தில் இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைக்கும் நிலையை அடையும். அவை இரத்தத்தோடு நுரையீரலுக்கும், தொண்டை வழியாகக் குடலுக்கும் சென்று அங்கே இரத்தத்தை உறிஞ்சும்.

க்ஷயரோகம் காற்றின் வழியாகப் பரவுவது, இப்புழுவினால் வருவதன்று. ஆயினும், முன்னமே மெலிந்த நோயாளியின் இரத்தத்தைப் புழுவும் குறைக்குமாயின் சோகையும் தளர்ச்சியும் மிகும். தேசியக் குடற்புழு நீக்க நாளில் முக்கியமாக 1 முதல் 19 வயதினருக்கு அல்பெண்டசோல் மாத்திரை அளிக்கப்படுகின்றது. ஆதலால் வயதுவந்த நோயாளி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மலப்பரிசோதனையைக் கேட்டுப் பெறவேண்டும். க்ஷயரோக மருந்தை இடையில் நிறுத்தலாகாது.

நிலமுடையோர் செய்யத்தக்கவை:

1. கிணற்றுக்கு 15 மீட்டராவது விலகி இரட்டைக்குழிக் கக்கூஸ் அமைத்தல். நிரம்பிய குழியை மூடி, 2 வருஷம் கழிந்தபின்னரே எருவெடுத்தல்.

2. கழிவுத்தொட்டி லாரிகளை நிலத்திலும் ஏரியிலும் கொட்டவிடாதிருத்தல்.

3. தோட்டவேலையில் செருப்பணிதல்.

களையைப் பூக்குமுன் பறித்தல் குடியானவர் அறிந்த முறை. புழுவையும் அது மண்ணில் விழுமுன்னரே தடுத்தல் வேண்டும். வாடகை பெறுவோர் கக்கூஸும் கட்டியுள்ளனரா என்பதைக் கிராம அதிகாரிகள் நேரிற் கண்டு ஆவன செய்வார்களாக.