அட்டைப் பெட்டிக்குள் ஓர் உலகம்!

செல்போனை முகத்தில் கட்டிக்கொண்டு, பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில் விளையாடியவர்களின் கதை

ஒரு வாலிபர் நாற்காலியில் உட்கார்ந்து இருக்கிறார். அவர் முகத்தில் ஒரு பெட்டி. அது இரண்டு கண்களையும் மூடிவிட்டது. எதிரே இருக்கும் சுவர்கூட அவருக்குத் தெரியாது.

ஆனாலும் அவர் பார்க்கிறார்!

அவருக்குத் தெரிவது ஒரு பெரிய லாரி. டிரைவர் இடத்தில் அவர் இருக்கிறார். எதிரே நீண்ட சாலை. தலையை இடது பக்கம் திருப்பினால், ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே வயல்வெளி. அண்ணாந்து பார்த்தால், லாரியின் கூரை!

உண்மையில் அங்கே லாரியும் இல்லை, சாலையும் இல்லை. பெட்டிக்குள் இருப்பது ஒரு செல்போன். லாரி ஓடுவது பக்கத்து அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில். செக் நாட்டுக் கம்பெனி ஒன்று தயாரித்த 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' என்ற விளையாட்டு அது. கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் நடுவே ஒரு கம்பிகூட இல்லை. காற்று வழியாகவே படம் வருகிறது!

இது மந்திரமா? மாயமா?

இரண்டும் இல்லை. கையில் பணம் இல்லாதவர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி இது!

விலையைக் கேட்டதும்...

முகத்தில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, வேறோர் உலகத்துக்குள் போவதுபோல் பார்ப்பதற்கு 'விர்ச்சுவல் ரியாலிட்டி' என்று பெயர். 'மெய்நிகர் உலகம்' என்று தமிழில் சொல்லுகிறார்கள்.

1968-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் என்ற அறிஞர் இப்படி ஒரு கருவியைச் செய்துவிட்டார். ஆனால், அது மிகவும் கனம். தலையில் மாட்டுவதற்குக் கூரையில் இருந்து தொங்கவிட வேண்டி இருந்தது!

பல ஆண்டுகள் கழிந்தன. 2012-ம் ஆண்டில், கலிபோர்னியாவைச் சேர்ந்த பால்மர் லக்கி என்ற 19 வயது வாலிபர், 'ஆக்குலஸ் ரிப்ட்' என்ற கருவிக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார். அவர் கேட்டது 2½ லட்சம் டாலர். கிடைத்தது ஏறக்குறைய 24 லட்சம் டாலர்! இரண்டே ஆண்டில், 'பேஸ்புக்' நிறுவனம் அவருடைய கம்பெனியைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கியது.

2016-ம் ஆண்டு மார்ச் மாதம் இந்தக் கருவி கடைக்கு வந்தது. விலை 599 டாலர். அடுத்த மாதம் வந்த 'வைவ்' என்ற கருவிக்கு 799 டாலர்! இவற்றை ஓட்ட, சக்தி வாய்ந்த கம்ப்யூட்டர் வேறு வேண்டும்.

கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் பலர். கருவி வாங்க வழி இல்லாதவர்களும் பலர். அவர்கள் சட்டைப்பையில் கையை விட்டுப் பார்த்தார்கள். அங்கே செல்போன் இருந்தது!

அட்டையும் இரண்டு வில்லையும்

செல்போனை முகத்தில் மாட்டும் வழி ஏற்கெனவே வந்திருந்தது.

பாரீஸ் நகரில் கூகுள் கம்பெனியில் வேலை பார்த்த டேவிட் காஸ், டேமியன் ஹென்றி என்ற இரண்டு என்ஜினீயர்கள் ஓர் அட்டைப் பெட்டியைச் செய்தார்கள். அதில் இரண்டு வில்லைகள். பக்கத்தில் ஒரு காந்தம். அதை அசைத்தால் பொத்தானை அழுத்தியதுபோல் ஆகும். முன்னால் செல்போனைச் செருக வேண்டும். அவ்வளவுதான்!

2014-ம் ஆண்டு ஜூன் மாதம் கூகுள் கம்பெனி இதை வெளியிட்டது. வெட்டிச் செய்யும் அளவுகளையும் இலவசமாகவே கொடுத்தது. பீட்சா அட்டையை வெட்டிக்கூடச் செய்து கொள்ளலாம். 2019-ம் ஆண்டுக்குள் 1½ கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் உலகம் எங்கும் போய்ச் சேர்ந்தன.

2015-ம் ஆண்டு நவம்பரில், 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை, ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை வாங்கும் 10 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு இந்த அட்டைப் பெட்டியைக் கொடுத்து அனுப்பியது!

அதே மாதம், சாம்சங் கம்பெனியின் 'கியர் வி.ஆர்.' என்ற பெட்டியும் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதன் விலை 99 டாலர். அதற்குள்ளும் செல்போனைத்தான் செருக வேண்டும்.

பழைய தந்திரம்

தட்டையான செல்போன் படம், ஆழமான உலகமாகத் தெரிவது எப்படி?

ஒரு விரலை முகத்துக்கு எதிரே நீட்டுங்கள். இடது கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு வலது கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறியதுபோல் தோன்றும். இரண்டு கண்களும் இரண்டு விதமாகப் பார்ப்பதுதான் காரணம். இந்த இரண்டு படங்களையும் மூளை ஒன்றாகச் சேர்க்கிறது. எது அருகில், எது தொலைவில் என்று கணக்குப் போடுகிறது.

இதை 1838-ம் ஆண்டிலேயே இங்கிலாந்து விஞ்ஞானி சார்லஸ் வீட்ஸ்டன் விளக்கிவிட்டார். இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் காட்டும் கருவியையும் செய்தார். செல்போன் பெட்டியிலும் அதே தந்திரம்தான். திரையின் இடது பாதியில் ஒரு படம். வலது பாதியில் சற்றே மாறுபட்ட இன்னொரு படம்!

சின்ன மூளையும் பெரிய மூளையும்

செல்போனில் ஓடக்கூடிய விளையாட்டுகள் இருந்தன. ஆனால், அவை சிறியவை. பெரிய விளையாட்டுகளை ஓட்டும் வலு செல்போனுக்கு இல்லை. வலு கம்ப்யூட்டரிடம் இருந்தது.

"கம்ப்யூட்டர் விளையாட்டை ஓட்டட்டும். செல்போன் வெறும் கண்ணாடியாக இருக்கட்டும்!" என்பதே அந்த யோசனை.

'டிரைனஸ்' என்ற புரோகிராம் இந்த வேலையைச் செய்தது. போலந்து நாட்டில் 'ரிப்ட்கேட்' என்ற சிறிய கம்பெனி, 'வி-ரிட்ஜ்' என்ற புரோகிராமைக் கொண்டு வந்தது. வி-ரிட்ஜ், "விலை உயர்ந்த கருவிதான் மாட்டப்பட்டு இருக்கிறது" என்று கம்ப்யூட்டரை நம்ப வைத்துவிடும்! கம்ப்யூட்டரும் அதை நம்பி, இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் போட்டுக் கொடுக்கும்.

இனிமேல்தான் கஷ்டம்.

செல்போன் திரையில் 20 லட்சம் புள்ளிகள் என்று வைத்துக் கொள்ளுங்கள். வினாடிக்கு 60 படம் ஓட வேண்டும். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் அப்படியே அனுப்பினால், வினாடிக்கு ஏறக்குறைய 300 கோடி 'பிட்' தகவல் போக வேண்டும். வீட்டில் இருக்கும் சாதாரண வை-பை பெட்டி இவ்வளவு பாரத்தைத் தாங்காது.

ஆகவே, படத்தைச் சுருக்க வேண்டும். அந்தக் காலத்தில் தந்தி கொடுத்தவர்கள், சொல்லுக்குச் சொல் காசு என்பதால், சேதியைச் சுருக்கி எழுதினார்கள் அல்லவா? அதே மாதிரிதான். முந்திய படத்தில் இருந்து எது மாறியதோ, அதை மட்டும் அனுப்பினால் போதும். வானம் மாறவில்லையா? "வானம் முன்போலவே" என்று ஒரு சேதி. சாலை மட்டும் மாறியதா? சாலைக்கு மட்டும் புதிய தகவல். செல்போன் அதை விரித்து, முழுப் படமாகக் காட்டிவிடும்.

20 மில்லி வினாடி!

படம் வந்துவிட்டது. அத்துடன் முடிந்ததா? இல்லை!

தலையைத் திருப்பினால், படமும் திரும்ப வேண்டும். செல்போனுக்குள் இருக்கும் சிறு கருவிகள் தலை திரும்புவதை அளக்கின்றன. அந்தச் சேதி காற்றில் கம்ப்யூட்டருக்குப் போகிறது. கம்ப்யூட்டர் புதிய படம் போடுகிறது, சுருக்குகிறது, அனுப்புகிறது. செல்போன் வாங்குகிறது, விரிக்கிறது, காட்டுகிறது.

இவ்வளவும் எவ்வளவு நேரத்தில் நடக்க வேண்டும்?

விளையாட்டுப் புரோகிராம் எழுதுவதில் புகழ் பெற்ற ஜான் கார்மாக் என்ற அமெரிக்கர், 2013-ம் ஆண்டில் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். தாமதம் 20 மில்லி வினாடிக்குள் இருந்தால், மனிதர்களுக்குப் பொதுவாகத் தெரியாது. அதாவது, ஒரு வினாடியில் 50-ல் ஒரு பங்கு! கண் இமைப்பதற்குக்கூட அதைவிட அதிக நேரம் ஆகும்.

வினாடிக்கு 60 படம் என்றால், ஒரு படத்துக்கே ஏறக்குறைய 17 மில்லி வினாடி போய்விடும். மிச்சம் இருப்பது மூன்றே மில்லி வினாடி! அதற்குள் சுருக்கி, அனுப்பி, விரித்துக் காட்ட முடியுமா? முடியவில்லை. தாமதம் 20-ஐத் தாண்டிப் பல மடங்கு போயிற்று.

போனால் என்ன?

வயிறு சொல்லும்!

தலையைச் சற்று வேகமாகத் திருப்பினால், வினாடிக்கு 100 டிகிரி திரும்பும். தாமதம் 50 மில்லி வினாடி என்றால், படம் 5 டிகிரி பின்தங்கும். உலகமே தலைக்குப் பின்னால் இழுபட்டு வருவதுபோல் இருக்கும். காதுக்குள் ஓர் உறுப்பு இருக்கிறது. உடல் அசைவதை மூளைக்குச் சொல்வது அதன் வேலை. "தலை திரும்பிவிட்டது" என்கிறது அது. "இன்னும் திரும்பவில்லை" என்கிறது கண். இரண்டு சாட்சிகள் இரண்டு விதமாகச் சொன்னால், மூளை தடுமாறும். தலை சுற்றும்; குமட்டும்; வியர்க்கும். பஸ்ஸில் புத்தகம் படிக்கும்போது சிலருக்கு வருமே, அதே தொல்லை!

ஆசையோடு பெட்டியை மாட்டியவர்களில் பலர், சில நிமிடங்களில் கழற்றி வைத்ததற்குக் காரணம் இதுதான்.

படத்தை நகர்த்து!

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. கார்மாக்கே அதையும் விளக்கி இருந்தார்.

படம் கம்ப்யூட்டரில் இருந்து வந்து சேருவதற்குள், தலை இன்னும் கொஞ்சம் திரும்பி இருக்கும். செல்போன் என்ன செய்ய வேண்டும்? கடைசி நேரத்தில் தலையின் நிலையைப் பார்க்க வேண்டும். வந்த படத்தை அந்த அளவுக்கு நகர்த்திக் காட்ட வேண்டும். படம் பழையதுதான், ஆனால், சரியான இடத்தில் நிற்கும். கண் ஏமாந்துவிடும், வயிறு தப்பிவிடும்!

விளையாடியவர்களும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். கம்ப்யூட்டரை வை-பை பெட்டியுடன் கம்பியால் இணைத்தார்கள். இதனால் காற்றில் நெரிசல் குறைந்தது. அக்கம்பக்கத்து வை-பை எல்லாம் கூடிக் கத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை விட்டு, 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மாறினார்கள். சிலர் செல்போனையே யு.எஸ்.பி. கம்பியால் கட்டினார்கள்.

இன்னொரு குறை மட்டும் தீரவில்லை. தலை திரும்புவதைச் செல்போன் அறியும். தலை முன்னால் போவதையும், குனிந்து எட்டிப் பார்ப்பதையும் இந்தப் பெட்டி அறியாது. ஆகவே, லாரி, விமானம் போன்ற உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களே இதற்கு ஏற்றவை. எழுந்து நடந்து ஆடும் ஆட்டங்கள் சரிப்படவில்லை.

பெட்டி போயிற்று!

செல்போனுக்கும் இது பெரும் சோதனை. சூடு ஏறியது. பாட்டரி சீக்கிரம் தீர்ந்தது. நடுவில் போன் வந்தால், பெட்டியைக் கழற்ற வேண்டும்!

2019-ம் ஆண்டு ஆகஸ்டில் வந்த சாம்சங் கம்பெனியின் புதிய 'நோட்' போன், 'கியர்' பெட்டிக்குப் பொருந்தவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், கூகுள் தன் 'டேட்ரீம்' பெட்டியை நிறுத்தியது. 2021-ம் ஆண்டில் அட்டைப் பெட்டி விற்பனையையும் நிறுத்திவிட்டது.

கதை முடிந்ததா? இல்லை. இங்கேதான் வேடிக்கை!

599 டாலர் கொடுத்து வாங்கிய கருவிக்குப் பின்னால், கம்ப்யூட்டர் வரை ஒரு நீண்ட கம்பி இருந்தது. திரும்பினால் காலில் சுற்றும். அட்டைப் பெட்டிக்கோ கம்பியே இல்லை! பெரிய கருவி வைத்திருந்தவர்களும் அந்தச் சுதந்திரத்தைக் கேட்கத் தொடங்கினார்கள்.

2019-ம் ஆண்டு மே மாதம், 399 டாலர் விலையில் 'குவெஸ்ட்' என்ற கருவி வந்தது. செல்போனின் மூளையும் திரையும் அதற்குள்ளேயே இருந்தன. குனிந்தாலும் நடந்தாலும் அதற்குத் தெரியும்.

அதிலும் கம்ப்யூட்டர் விளையாட்டைக் காற்றில் அனுப்பப் பலர் முயன்றார்கள். சாம்சங் பெட்டி இருந்த காலத்தில், 2018-ம் ஆண்டில், இலவசமாகப் பிறந்த 'ஏ.எல்.வி.ஆர்.' என்ற புரோகிராம் 'குவெஸ்ட்' கருவிக்கும் வந்து சேர்ந்தது. கை காடின் என்ற கனடாக்காரர் எழுதிய 'விர்ச்சுவல் டெஸ்க்டாப்' புரோகிராமிலும் அந்த வசதி இருந்தது. 2019-ல், அதைக் கடையில் இருந்து எடுக்கும்படி பேஸ்புக் கம்பெனி சொல்லிவிட்டது! 2021-ல் அனுமதித்தது. சில மாதத்துக்குள், 'ஏர் லிங்க்' என்ற பெயரில், அந்த வசதியைத் தானே கொடுத்தது!

ஒரு காலத்தில் ஏழைகளின் குறுக்கு வழி. பிறகு அதுவே ராஜபாட்டை!

பெற்றோர்கள் கவனிக்க

இந்த மாதிரிப் பெட்டியை மாட்டுகிறவர்கள், முதலில் உட்கார்ந்தே பழக வேண்டும். சில நிமிடத்துக்கு ஒரு முறை கழற்ற வேண்டும். குமட்டினால் உடனே நிறுத்துங்கள். "பழகிவிடும்" என்று பல்லைக் கடிக்கக் கூடாது. சாம்சங் பெட்டியை 13 வயதுக்குக் குறைந்தவர்கள் மாட்டக் கூடாது என்று அதைச் செய்தவர்களே எச்சரித்து இருந்தார்கள்.

பழைய அட்டைப் பெட்டி வீட்டில் எங்காவது கிடந்தால், எறிந்துவிட வேண்டாம். செல்போனைச் செருகிக் குழந்தைகளுக்கு இரண்டு படங்களையும் காட்டுங்கள். கண்கள் இரண்டு, காட்சி ஒன்று என்ற உண்மை அவர்களுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்!