செம்மண் தடமும் தார்ச்சாலையும்: பிக்-அப் வண்டிக்கு டயர் தேர்ந்தெடுத்தல்

குண்டலுப்பேட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் காய்கறி ஏற்றிக்கொண்டு மைசூரு பண்டிபாளையா சந்தைக்கு வரும் பிக்-அப் வண்டி, ஒரே காலைப்பொழுதில் மூன்று விதமான தரைகளைக் கடக்கிறது. முதலில் தோட்டத்துச் செம்மண் தடம், அடுத்து ஜல்லி பெயர்ந்த கிராமச் சாலை, பிறகு தேசிய நெடுஞ்சாலை. அதே வண்டி மறுநாள் முத்தங்கா வழியாக வயநாட்டுக்குச் செல்லலாம். அல்லது 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட விரைவுச் சாலையில் பெங்களூரு நோக்கி மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடலாம். இத்தனைக்கும் பொருந்தும் ஒரே டயர் உண்டா என்பதே வண்டி உரிமையாளர்கள் பலரின் கேள்வி. ‘ஆல்-டெரெயின்’ என்ற பெயரில் விற்கப்படும் டயர்கள் அக்கேள்விக்கு விடையாக முன்வைக்கப்படுகின்றன. அந்த விடை எல்லோருக்கும் பொருந்துவதில்லை.

டயருக்கும் மைசூருக்கும் பழைய உறவு உண்டு. கர்நாடக அரசின் பங்கேற்புடன் இங்கு உருவான விக்ராந்த் டயர்ஸ் நிறுவனம் 1997ஆம் ஆண்டு ஜே.கே. குழுமத்தின் வசம் சென்றது. அக்குழுமத்தின் டயர் ஆராய்ச்சி மையமும் இந்நகரிலேயே இயங்குகிறது. ஆயினும் டயர் செய்யும் ஊரில் இருப்பதாலேயே டயர் வாங்கத் தெரிந்துவிடும் என்று சொல்வதற்கில்லை.

டயரின் வெளிப்பரப்பில் உள்ள ரப்பர்க் கட்டைகளும் அவற்றுக்கு இடையிலான பள்ளங்களும்தாம் வகைகளைப் பிரிக்கின்றன. நெடுஞ்சாலை டயரில் கட்டைகள் நெருக்கமாகவும் பள்ளங்கள் குறுகலாகவும் இருக்கும்; தரையைத் தொடும் ரப்பர் அதிகம் என்பதால் தார்ச்சாலையில் பிடிப்பு நன்றாக இருக்கும், ஓசை குறைவு, எரிபொருளும் மிச்சம். சேற்று டயர் இதற்கு நேர்மாறானது. அதன் அகன்ற பள்ளங்கள் சேற்றை வாரியெடுத்து, சக்கரம் சுழலும்போது வெளியே உதறுகின்றன. ஆல்-டெரெயின் டயர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கல் குத்தாதிருக்கக் கடினமான ரப்பர்க் கலவையும், பக்கச் சுவரில் கூடுதல் தடிப்பும் இவ்வகை டயர்கள் பலவற்றில் தரப்படுகின்றன. அந்தக் கடினத்தன்மைக்கு ஒரு விலை உண்டு: மழையில் நனைந்த தார்ச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது, நல்ல நெடுஞ்சாலை டயரைவிட வண்டி சற்றுத் தள்ளியே நிற்கக்கூடும். மைசூருவைச் சுற்றி ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

மண்ணும் ஒரே விதமாக இருப்பதில்லை. செம்மண் தடம் மழை விட்ட சில மணி நேரத்தில் இறுகிவிடும். சாமராஜநகர் வட்டாரத்தின் சில பகுதிகளில் உள்ள கரிசலோ நனைந்தால் பசைபோல் டயரில் ஒட்டி, பள்ளங்களை அடைத்துவிடும். அடைபட்ட பின் ஆல்-டெரெயினும் வழுக்கைச் சக்கரமும் ஒன்றே. கரிசலில் அன்றாடம் இறங்க வேண்டியவர்கள் டயரை மாற்றுவதைவிட, மழை நாளில் சுமையைச் சாலையோரத்துக்கு டிராக்டரில் கொண்டுவரும் ஏற்பாட்டைச் செய்துகொள்வது மேல் என்பது நம் கருத்து. குடகின் காப்பித் தோட்டங்களில் நிலைமை வேறு. ஏற்றமும் ஈரமும் கூரிய கற்களும் சேர்ந்த அத்தடங்களில்தான் ஆல்-டெரெயின் டயர் தன் விலையை நியாயப்படுத்துகிறது.

கடையில் பலரும் முதலில் பார்ப்பது டயரின் தோற்றத்தை. பார்க்க வேண்டியது பக்கச் சுவரின் எழுத்துகளை. 195/80 ஆர்15 எல்.டி. 106/104 என்று இருப்பதாகக் கொள்வோம். 195 என்பது மில்லிமீட்டரில் அகலம், 80 என்பது அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச் சுவரின் உயரம் என்பது, ‘ஆர்’ என்றால் ரேடியல், 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம், ‘எல்.டி.’ என்பது இலகு ரகச் சரக்கு வண்டிக்கான கட்டமைப்பைக் குறிக்கும். கடைசியில் உள்ளவை சுமைக் குறியீடுகள். 106 என்றால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும். 104 என்றால் 900 கிலோ. முதல் எண் பக்கத்துக்கு ஒரு டயர் பொருத்திய அச்சுக்கும், இரண்டாவது எண் இரட்டை டயர் பொருத்திய அச்சுக்கும் உரியவை.

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இதுதான். ஆல்-டெரெயின் என்று விற்கப்படும் டயர்களில் பல, எஸ்.யூ.வி. வகைப் பயணியர் வண்டிகளுக்காகச் செய்யப்பட்டவை. அளவு ரிம்மில் கச்சிதமாகப் பொருந்தும். தோற்றமும் முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் சுமைக் குறியீடு 100 என்றிருந்தால் தாங்குவது 800 கிலோ மட்டுமே. முழுச் சுமையில் பின் அச்சின் மீது 1,900 கிலோ விழும் வண்டி எனில், பின் டயர் ஒவ்வொன்றும் 950 கிலோ சுமக்க வேண்டும். 800 கிலோ டயரை அதில் மாட்டினால் முதல் மாதம் ஒன்றும் தெரியாது. கோடையில், விரைவுச் சாலையில், பக்கச் சுவர் ஓயாமல் மடங்கி நிமிர்ந்து சூடேறும்போதுதான் தெரியும். வாகன உற்பத்தியாளர் கையேட்டில் குறித்த சுமைக் குறியீட்டுக்குக் கீழான டயரை, கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வாங்கலாகாது.

டாட்டா ஏஸ் போன்று 12 அங்குலச் சக்கரம் உள்ள சிறு வண்டிகளுக்கு ஆல்-டெரெயின் என்ற பெயரில் தேர்வுகள் அரிது. முன்னால் நீளவாக்கில் கோடுகள் ஓடும் ‘ரிப்’ டயரும், பின்னால் குறுக்குக் கட்டைகள் கொண்ட ‘லக்’ டயரும் போடும் வழக்கமே அவற்றுக்குப் போதுமானது. ஒரே அச்சில் இரு வேறு வகைகளைக் கலப்பது மட்டும் கூடாது.

பெரிய டயர் போட்டால் வண்டி உயர்ந்து நிற்கும், கல்லில் அடிபடாது என்றொரு எண்ணம் இருக்கிறது. கணக்கிட்டுப் பார்க்கலாம். 195/80 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 693 மில்லிமீட்டர். 235/75 ஆர்15 டயருடையது 733 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வித்தியாசம் கிட்டத்தட்ட 6 விழுக்காடு. வண்டிக்குக் கிடைக்கும் உயரமோ இதில் பாதி, அதாவது 2 சென்டிமீட்டர்தான். அதற்கு ஈடாக, வேகமானி 60 காட்டும்போது வண்டி 63 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஏற்றத்தில் இழுவை குறையும். பிரேக்குக்கு வேலை கூடும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் சுமையோடு இறங்குபவருக்கு இது சிறு விஷயமன்று. மேலும், பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்துக்குப் பின் காப்பீட்டுக் கோரிக்கையில் இது கேள்வியாக எழக்கூடும்.

இனிப் பணத்துக்கு வருவோம். கீழே உள்ள எண்கள் கணக்கிடும் முறையைக் காட்டுவதற்காக மட்டுமே. உங்கள் வண்டியின் எண்களை இட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். 8,000 ரூபாய் நெடுஞ்சாலை டயர் 50,000 கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்கு 16 காசு. 10,000 ரூபாய் ஆல்-டெரெயின் டயர் 40,000 கிலோமீட்டர் உழைத்தால் 25 காசு. நான்கு டயருக்கு 36 காசு வித்தியாசம். மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடினால் 900 ரூபாய். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தந்த வண்டி 11.5 தந்தால் இன்னும் 9 லிட்டர் டீசல் கூடும்.

இத்தொகை அதிகமா என்பதற்கு விடை சாலையில் இருக்கிறது. பந்திப்பூர் காட்டின் வழியே குண்டலுப்பேட்டையிலிருந்து கேரளத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. 2009 முதல் நடைமுறையில் உள்ள ஏற்பாடு இது. தோட்டத்துத் தடத்தில் கல் கிழித்த டயரால் ஒரு மணி நேரம் தாமதித்து, சோதனைச் சாவடிக்கு 9 மணிக்குப் பின் வந்து சேரும் வண்டி விடியும்வரை அங்கேயே நிற்க வேண்டியதுதான். தக்காளி காத்திருக்காது. மாதத்தில் இருமுறை இப்படி நேர்கிற வண்டிக்கு ஆல்-டெரெயின் டயர் செலவன்று. ஆண்டுக்கு இருமுறை மட்டுமே மண்ணில் இறங்கும் வண்டிக்கு அது வெறும் அழகு. ஓட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காவது தார் இல்லாத தடத்தில் கழிந்தாலொழிய வேண்டாம் என்போம். எஞ்சியோர் தரமான நெடுஞ்சாலை டயரும் பழுதில்லாத ஒரு ஸ்டெப்னியும் வைத்துக்கொண்டால் போதும். (ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?)

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள், சரக்கு வண்டி டயருக்குரிய இந்தியத் தர எண் ஐ.எஸ். 15636. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண் தயாரிப்பு நாளைச் சொல்லும்: 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துள்ளது. ரசீதில் அது தெரிய வேண்டும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்த டயரில் ஓட்டுவது விதிக்குப் புறம்பு. ஆனால் மலைப்பாதையில் மழைக்காலத்தை எதிர்கொள்பவர் அதுவரை காத்திருக்கலாகாது.

டயர் மட்டும் தனியே சேதமடைந்தால் வழக்கமான மோட்டார் காப்பீடு பணம் தருவதில்லை. தேய்மானத்துக்கும் இழப்பீடு இல்லை. புது வண்டியோடு வந்த டயர்கள் வாகனக் கடனுக்குள் அடங்கியவை. அடுத்த நான்கு டயர்களோ, தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில், சொந்தக் கையிருப்பிலிருந்து வர வேண்டியவை. மேற்கண்ட கணக்கின்படி நெடுஞ்சாலை டயருக்கு மாதம் 1,600 ரூபாயும் ஆல்-டெரெயினுக்கு 2,500 ரூபாயும் தேய்கின்றன. அத்தொகையை முதல் மாதத்திலிருந்தே தொடர் வைப்பில் போட்டு வருபவர், தேய்ந்த டயரோடு இன்னொரு மழைக்காலத்தை ஓட்டிப் பார்க்கும் நிலைக்குத் தள்ளப்படுவதில்லை.