சாண எரிவாயு: கணக்கு எங்கே உதைக்கிறது?

25 கிலோ பசுஞ்சாணத்திலிருந்து சுமார் ஒரு கன மீட்டர் எரிவாயு கிடைக்கும். அந்த ஒரு கன மீட்டர், 0.43 கிலோ எல்பிஜிக்கு ஈடு. விறகாகச் சொன்னால் மூன்றரைக் கிலோ, மண்ணெண்ணெய் என்றால் அரை லிட்டருக்குச் சற்று மேல். நம் நாட்டின் சாண எரிவாயுத் திட்டங்கள் எல்லாம் இந்தச் சிறிய கணக்கின் மேல்தான் எழுந்தன. கணக்கில் பிழை இல்லை. 1981-82இல் தேசியத் திட்டம் தொடங்கியது முதல் ஏறத்தாழ 50 லட்சம் குடும்பக் கலன்கள் கட்டப்பட்டும் இருக்கின்றன. ஆனால் இன்று பல ஊர்களில் அந்தக் குழி தூர்ந்து கிடக்கிறது. அடுப்படியில் சிலிண்டர் நிற்கிறது. அறிவியல் சரியாக இருந்தும் பொருளாதாரம் ஏன் உதைத்தது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த சுற்று முதலீட்டில் இறங்குவது வீண்செலவு.

முதலில் குழிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். காற்றுப் புகாத கலனில் சாணக் கரைசலை ஊற்றி மூடினால், வேலை ஒரே வகை உயிரியிடம் இல்லை. மாவுப்பொருள், கொழுப்பு, புரதம் ஆகியவற்றைச் சில பாக்டீரியாக்கள் உடைத்துக் கரைக்கின்றன. வேறு சில அவற்றை அமிலங்களாக்குகின்றன. கடைசியில் வரும் நுண்ணுயிரிகள் அந்த அமிலத்தையும் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் தின்று மீத்தேனை வெளியிடுகின்றன. இவை பாக்டீரியாக்களே அல்ல, ஆர்க்கியா என்ற தனிப் பெரும்பிரிவைச் சேர்ந்தவை என்று 1977இல் அமெரிக்காவில் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் காட்டினார்கள். உயிர்களின் வம்சாவளியையே திருத்தி எழுத வைத்த அந்தக் கண்டுபிடிப்புக்கு அடிப்படையாக இருந்தவை இந்த மீத்தேன் நுண்ணுயிரிகள்தாம்.

அமிலம் உண்டாக்குபவை வேகமாகப் பெருகும். மீத்தேன் உண்டாக்குபவை மெதுவாகப் பெருகும், ஆக்சிஜன் பட்டால் தாங்காது, அமிலம் கூடினாலும் தாங்காது. ஒரே நாளில் எக்கச்சக்கமாகச் சோற்றையும் காய்கறிக் கழிவையும் கொட்டினால் கலன் புளித்துப்போய் வாயு நின்றுவிடுவது இதனால்தான். வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் இவற்றுக்கு உகந்தது. ஆகவே தமிழ்நாட்டில் கரைசல் ஏறத்தாழ 30 நாள் கலனில் தங்கினால் போதும் என்றும், வடக்கே குளிர்ப்பகுதிகளில் 55 நாள் வேண்டும் என்றும் கணக்கிட்டுக் கலன்களை வடிவமைக்கிறார்கள். அங்கே அதே வாயுவுக்கு இன்னும் பெரிய குழி கட்ட வேண்டும். நம் வெயில் நமக்குக் கொடுக்கும் சலுகை இது.

வெளிவரும் வாயுவில் மீத்தேன் 50 முதல் 65 சதவீதம். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. கூடவே நீராவி, அழுகிய முட்டை வாடை வீசும் ஹைட்ரஜன் சல்ஃபைடு சிறிதளவு. இரும்பை அரிப்பது இந்தக் கடைசி ஆள்தான்.

இந்தியாவில் இந்த முயற்சி பழையது. 1939இல் டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ்.வி. தேசாய் சாணத்தில் சோதனைகள் தொடங்கினார். 1950களில் ஜஷ்பாய் படேல் மிதக்கும் தொட்டி வடிவத்தை உருவாக்க, பிறகு கதர் கிராமத் தொழில் ஆணையம் அதை நாடெங்கும் பரப்பியது. கரைசலின் மேல் கவிழ்த்த இரும்புத் தொட்டி வாயு சேரச்சேர உயரும், எரிக்க எரிக்க இறங்கும். எவ்வளவு வாயு இருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த இரும்பு துருப்பிடித்தது, விலையும் ஏறியது. 1984இல் வந்த தீனபந்து வடிவம் இரும்பை விட்டுவிட்டுச் செங்கல் கூரையால் கலனை மூடியது. செலவு குறைந்தது. பதிலுக்குத் தேர்ந்த கொத்தனார் தேவைப்பட்டார். கூரைப் பூச்சில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் வாயு தங்காது.

இனிக் குடும்பக் கணக்கு. மாதம் ஒரு சிலிண்டர் எரிக்கும் வீட்டுக்கு 14.2 கிலோ எல்பிஜி வேண்டும். அதற்கு ஈடாக 33 கன மீட்டர் சாண எரிவாயு, அதாவது நாளொன்றுக்கு 1.1 கன மீட்டர். அதற்குத் தினமும் 27, 28 கிலோ சாணம். கொட்டிலிலேயே கட்டி வளர்க்கும் மாடு ஒன்று 10 முதல் 15 கிலோ சாணம் போடும் என்றால் மூன்று மாடு இருக்க வேண்டும். மேய்ச்சலுக்குப் போகும் மாடென்றால் பாதிச் சாணம் காட்டிலேயே விழுந்துவிடும். பரவலாகக் கட்டப்பட்ட 2 கன மீட்டர் கலனுக்கோ தினமும் 50 கிலோ சாணமும், கரைக்க அதே அளவு தண்ணீரும் வேண்டும். டிராக்டர் வந்து உழவு மாடுகள் போன பிறகு இந்தக் கலன்களுக்கு அரை வயிறு, கால் வயிறுதான் கிடைத்தது. காலைக் காப்பிக்கு எரிந்து, மதியச் சமையலுக்கு அணைந்துபோகும் அடுப்பை எந்த வீட்டில் வைத்திருப்பார்கள்?

கட்டுமானத்துக்கு 50,000 ரூபாய் என்றும், ஒரு சிலிண்டர் 900 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12 சிலிண்டர் மிச்சமானால் 10,800 ரூபாய். போட்ட பணம் ஐந்து ஆண்டில் திரும்பும். 20 ஆண்டு உழைக்கக்கூடிய கட்டுமானத்துக்கு இது நல்ல கணக்கு. ஆனால் இது சிலிண்டருக்குக் காசு கொடுக்கும் வீட்டின் கணக்கு. வேலிக்கருவை விறகைப் பொறுக்கி எரிக்கும் வீட்டில் மிச்சமாகும் பணம் பூஜ்யம். சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. நான்கு மாடு உள்ள வீட்டுக்குச் சிலிண்டர் வாங்க வசதி உண்டு. சிலிண்டர் வாங்கத் திணறும் வீட்டில் மாடு இல்லை. மானியம் கொடுத்தால் மட்டும் இந்த இடைவெளி நிரம்பிவிடாது.

ரூபாயில் ஏறாத வரவும் உண்டு. விறகுப் புகையை ஆயுள் முழுக்க உள்ளிழுத்த பெண்களின் நுரையீரலுக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் மதிப்புப் போடுவதில்லை. அதே சமயம் சாணத்தை அள்ளிக் கரைத்து ஊற்றும் அன்றாட வேலையும் பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. அதற்கும் அறிக்கைகளில் கூலி எழுதப்படுவதில்லை. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அது நேர்மையான கணக்கு.

அடுத்தது, கலனிலிருந்து வழியும் கழிவுக் கரைசல். சாணத்தில் இருந்த கரிப்பொருளில் ஒரு பகுதிதான் வாயுவாகப் போகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏறக்குறைய முழுதாக மிஞ்சுகின்றன. குப்பைக்குழியில் வெயிலிலும் மழையிலும் கிடந்து தழைச்சத்தை இழக்கும் எருவைவிட இது மேலானது. 2 கன மீட்டர் கலன் வயிறு நிறைய ஓடினால் ஆண்டுக்கு உலர் எடையில் சுமார் இரண்டரை டன் எரு கிடைக்கும். அதில் ஒன்றரை சதவீதம் தழைச்சத்து என்று கொண்டால் 38 கிலோ. யூரியாவாகச் சொன்னால் 45 கிலோ மூட்டை இரண்டுக்குச் சற்றுக் குறைவு. மானிய விலையில் ஒரு மூட்டை யூரியா 266 ரூபாய் 50 காசு. ஆக, ஓராண்டு முழுக்கச் சேர்ந்த தழைச்சத்துக்குச் சந்தையில் மதிப்பு சுமார் 500 ரூபாய்! மண்ணுக்குச் சேரும் கரிமச் சத்துக்கும் நுண்ணூட்டங்களுக்கும் யாரும் விலை கொடுப்பதில்லை. யூரியாவின் விலையை அரசு தாங்கிப் பிடித்திருக்கும் வரை, சாண எரிவாயுவின் இரண்டாவது வருமானம் காகிதத்தில் மட்டுமே இருக்கும். இத்துறையில் பேசப்படாத பெரிய விஷயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

தனி வீட்டால் முடியாதது ஊர் சேர்ந்தால் முடியுமா? கர்நாடகத்தின் குனிகல் வட்டத்தில் உள்ள புரா என்ற சிற்றூரில் இதைச் செய்து பார்த்தவர்கள் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்யா ரெட்டி உருவாக்கிய குழுவினர். முதலில் எல்லா வீட்டுச் சமையலுக்கும் வாயு தருவதாகத் திட்டம். ஊர் மாடுகளின் சாணம் அதற்குப் போதவில்லை. விறகு சும்மாவே கிடைத்ததால் மக்களுக்கும் அது அவசரத் தேவையாகத் தெரியவில்லை. குழுவினர் ஊர்க்காரர்களிடமே கேட்டார்கள். ஊருக்கு வேண்டியிருந்தது குழாய்த் தண்ணீரும் விளக்கும். 1987 முதல் அந்த வாயு டீசலோடு சேர்ந்து ஓர் இயந்திரத்தை ஓட்டியது; தண்ணீர் வந்தது, விளக்கு எரிந்தது. சாணம் கொண்டுவந்தவர்களுக்குக் கழிவு எருவும் திரும்பக் கிடைத்தது, கொடுத்த சாணத்துக்குச் சிறு தொகையும் கிடைத்தது. அதே கலன், அதே சாணம். பயன் மாறியதும் ஊர் அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது.

இந்த வாயுவைச் சிலிண்டரில் அடைத்து விற்றால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. இயற்பியல் இடம் கொடுக்கவில்லை. எல்பிஜியில் உள்ள புரொப்பேனும் பியூட்டேனும் சாதாரண வெப்பநிலையில், சிறிய அழுத்தத்திலேயே திரவமாகிவிடும். மீத்தேன் அப்படியல்ல. மைனஸ் 82 டிகிரிக்குக் கீழே குளிர்விக்காமல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. ஆகவே 200 மடங்குக்கு மேல் அழுத்திக் கனமான உருளையில் அடைக்க வேண்டும். அதற்கு முன் கரியமில வாயுவையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் பிரித்தெடுத்து, மீத்தேனை 90 சதவீதத்துக்கு மேல் கொண்டுவர வேண்டும். இத்தனை இயந்திரங்களும் தினம் சில டன் விற்கும் ஆலைக்குத்தான் கட்டுப்படியாகும். சிறு கலனின் வாயுவை உண்டாகும் இடத்திலேயே எரித்துவிடுவதுதான் முறை.

அதற்கு நல்ல உதாரணம் சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள். மரவள்ளிக் கிழங்கைக் கழுவி அரைத்து மாவெடுக்கும்போது மாவுச்சத்து நிறைந்த கழிவுநீர் பெருகுகிறது. ஓடையில் விட்டால் ஊரே நாறும். அதைக் காற்றுப் புகாமல் மூடிய தொட்டியில் தேக்கி வாயுவாக்கி, ஆலைக்கே எரிபொருளாகவும் மின்சாரமாகவும் பயன்படுத்தும் ஆலைகள் அங்கே பல உள்ளன. மூலப்பொருளைத் தேடி லாரி ஓட வேண்டாம்; வாயுவை விற்க வாடிக்கையாளரைத் தேட வேண்டாம்; கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவும் குறைகிறது. மூன்று பக்கமும் கணக்கு ஒத்துப்போகும் இடம் இது.

நாமக்கல்லின் இன்னொரு மூலப்பொருள் கோழி எரு. இதில் தழைச்சத்து மிக அதிகம். தனியாகப் போட்டால் அம்மோனியா பெருகி மீத்தேன் நுண்ணுயிரிகளை முடக்கும். சர்க்கரை ஆலைகளில் மிஞ்சும் பிரஸ்மட் போன்ற கரிச்சத்து நிறைந்த கழிவைக் கலந்து இதைச் சமன் செய்யலாம். புதுச்சத்திரத்தில் நாளொன்றுக்கு 15 டன் அழுத்தப்பட்ட வாயு தரும் திறனோடு நிறுவப்பட்ட ஆலை இந்த வழியில் வந்ததுதான்.

நகரக் குப்பையின் கதை வேறு. சென்னை கோயம்பேடு சந்தையில் 2000களின் நடுவில், தினம் 30 டன் காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்க ஓர் ஆலை தொடங்கப்பட்டது. கழிவு வாசலிலேயே கிடக்கிறது, இடம் பொருத்தமானது. ஆனாலும் அது பின்னர் முடங்கிப்போனது. மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆலை தினம் 550 டன் ஈரக்கழிவை எடுத்து, சுமார் 17,000 கிலோ வாயுவும் 100 டன் உரமும் தரும்படி அமைக்கப்பட்டது. செலவு சுமார் 150 கோடி ரூபாய். கிலோ 54 ரூபாய் என்று விற்றாலும் முழுத்திறனில் நாளொன்றுக்கு 9 லட்சம் ரூபாய் வருகிறது. ஆண்டுக்குச் சுமார் 33 கோடி ரூபாய். இதில் வட்டி, மின்சாரம், கூலி எல்லாம் கழிய வேண்டும். நகரப் பேருந்துகளே வாயுவை வாங்கிக்கொள்வதால் விற்பனை நிச்சயம். ஆனால் இந்தூரின் உண்மையான மூலதனம் இயந்திரம் அல்ல. ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் வீட்டு வாசலிலேயே பிரித்துக் கொடுக்கும் பழக்கத்தை அந்த நகரம் ஆலைக்குச் சில ஆண்டுகள் முன்பே உண்டாக்கிவிட்டது. பிளாஸ்டிக்கும் மண்ணும் கலந்த குப்பையை எந்த நுண்ணுயிரியும் செரிக்காது.

ஜெர்மனி வேறு பாடம் சொல்கிறது. அதிக விலைக்கு மின்சாரம் வாங்குவதாக அரசு 2000இல் சட்டம் போட்டது. ஆலைகள் ஒன்பதாயிரத்தைத் தாண்டின. கழிவு போதாமல் வயலில் மக்காச்சோளத்தை விளைவித்தே கலனில் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பி, 2014இல் சலுகையைக் குறைக்க வேண்டியதாயிற்று. விளைநிலத்தைக் கலனுக்கு விடும் வழி நமக்கு வேண்டவே வேண்டாம்.

நம் மத்திய அரசு 2018 அக்டோபரில், அழுத்தப்பட்ட வாயு ஆலைகளை ஊக்குவிக்கும் சதத் (SATAT) திட்டத்தை அறிவித்தபோது, 2023-24க்குள் 5,000 ஆலைகள் என்று இலக்கு வைத்தது. கெடு வந்தபோது இயங்கியவை நூறைக்கூட எட்டவில்லை. வாயுவுக்கு விலை உறுதி இருந்தது. உரத்துக்குச் சந்தை இல்லை, கழிவு ஆண்டு முழுக்க ஒரே சீராக வரும் என்ற உறுதியும் இல்லை. கெடு நெருங்கியபோதுதான் இந்த எருவுக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகை வந்தது. நகர எரிவாயு நிறுவனங்கள் இந்த வாயுவைக் கட்டாயம் கலக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. 2025-26இல் ஒரு சதவீதம், 2028-29 முதல் ஐந்து சதவீதம்.

சாண எரிவாயு நாட்டின் எல்பிஜி இறக்குமதியை ஒழித்துவிடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அது தோற்றுப்போன தொழில்நுட்பம் என்பவர்களையும் நம்ப வேண்டாம். கழிவு ஏற்கெனவே ஓரிடத்தில் குவியும் இடங்களில் அது இன்றே கட்டுப்படியாகும்: பால்பண்ணை, ஜவ்வரிசி ஆலை, சர்க்கரை ஆலை, காய்கறிச் சந்தை, பெரிய விடுதிச் சமையற்கூடம். உங்கள் கொட்டிலில் நான்கு மாடும், கிணற்றில் தண்ணீரும், எருவை வாங்கிக்கொள்ளச் சொந்த வயலும் இருந்தால் தயங்காமல் கட்டுங்கள். கட்டுமுன் கொத்தனார் இதற்கு முன் கட்டிய கலன் ஒன்று இன்னும் எரிகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். நகரவாசி என்றால் உங்களிடம் கேட்கப்படுவது ஒன்றே ஒன்று: ஈரக்குப்பையைத் தனியாகக் கொடுங்கள். அப்படிப் பிரித்துக் கொடுத்ததை மீண்டும் ஒரே லாரியில் கொட்டாமல் இருப்பது உள்ளாட்சிகளின் பொறுப்பு. அதைக் கவுன்சிலரிடம் கேட்டு வாங்குங்கள்.