'ஜஸ்டிஃபையபிள்': ஒரு சொல்லும் ஒரு சிவப்புக் கொடியும்

பனச்சமூடு, பாறசாலை வட்டாரத்தில் நம் தமிழ்ப் பிள்ளைகள் மூன்று மொழிகளுக்கு நடுவே வளர்கிறார்கள். அண்மையில் என் பேரன், ஆங்கிலப் பாடத்தில் வந்த 'ஜஸ்டிஃபையபிள்' என்ற சொல்லுக்கு 'சரியான' என்று பொருள் எழுதியிருந்தான். அது பாதிதான் பொருந்தும்.

இலத்தீனில் 'யுஸ்டுஸ்' என்றால் நியாயமான. 'ஃபாகெரே' என்றால் செய்தல். இவை இரண்டிலிருந்தும் பிறந்தது 'ஜஸ்டிஃபை'. 'ஏபிள்' என்னும் விகுதி நம் 'தக்க', 'கூடிய' போன்றது. ஆக, 'நியாயம் என்று எடுத்துக்காட்டக்கூடிய' என்பதே பொருள். இங்குள்ள மலையாளிகளும் 'ந்யாயீகரிக்காவுன்ன' என்று அதே நியாயத்தைத்தான் சொல்கிறார்கள்.

'எக்ஸ்கியூசபிள்' என்பது வேறு. அதற்கு 'மன்னிக்கத்தக்க' என்று பொருள். மன்னிப்பு என்றாலே அங்கு ஒரு தவறு ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகிறது.

இந்த வேறுபாட்டை நான் ரயில்வேயில் கற்றேன். ஒரு மழைக்கால விடியலில், தண்டவாளத்தைச் சோதித்து வந்த கீமேன் ஒருவர், பற்றவைத்த இணைப்பின் அருகே கருங்கோடு ஒன்றைக் கண்டார். விரிசல் என்று அஞ்சிச் சிவப்புக் கொடி காட்டிப் பயணிகள் வண்டியை நிறுத்திவிட்டார். நாங்கள் போய்த் துடைத்துப் பார்த்தால், வெறும் கீறல்! வண்டி தாமதமானதற்கு மேலிடம் விளக்கம் கேட்டது.

அறிக்கையில் முதலில் 'எக்ஸ்கியூசபிள்' என்றே எழுதினேன். பிறகு யோசித்தேன். அவர் என்ன தவறு செய்தார்? அரையிருளில், மழையில், அவர் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து அதைவிடச் சரியாக யாரும் நடந்திருக்க முடியாது. அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'ஜஸ்டிஃபையபிள்' என்று எழுதினேன். தண்டனையின்றிக் கோப்பு முடிந்தது. மறுநாளும் அவர் தயங்காமல் கொடியோடு நடந்தார், அதுதான் முக்கியம்.

அபாயச் சங்கிலிக்கும் இதே அளவுகோல்தான். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 141-ஆவது பிரிவு, தக்க, போதுமான காரணமின்றி இழுப்பதையே குற்றம் என்கிறது. ஏறும்போது குழந்தை தவறி விழுந்தால் இழுக்கலாம். டிபன் பாத்திரத்தை நடைமேடையில் மறந்ததற்காக இழுக்கக்கூடாது.

செலவு, கோபம், தாமதம், தற்காப்பு ஆகியவற்றோடு இச்சொல் அடிக்கடி வரும். எதிர்ப்பதம் 'அன்ஜஸ்டிஃபையபிள்'.

பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுங்கள்: சாக்குச் சொல்வது வேறு, நியாயம் காட்டுவது வேறு.