விளிம்பில் ஒழுங்கு, உள்ளே சுதந்திரம்: மாட்யூல் முறையில் மாதிரி ரயில்பாதை

மாதிரி ரயில்பாதை என்பது, உண்மையான ரயில்பாதையை அதன் நிலையம், பாலம், குன்று, குடியிருப்பு ஆகியவற்றோடு சேர்த்து ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கி, அதில் ரயில் ஓடும்படி அமைக்கும் கைவினையாகும். இதை வீட்டில் அமைத்தவர்கள் நெடுங்காலம் ஒற்றைப் பலகையின் மேலேயே, அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் 8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகையின் மேல், முழுப் பாதையையும் பதித்தனர். அத்தகைய பாதையை வேறிடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டுமானால் அறுத்தே எடுக்க வேண்டியிருந்தது, அதை இன்னொருவரின் பாதையோடு சேர்த்து ஓட்டவும் வழியில்லை. இவ்விரு குறைகளையும் ஒருங்கே நீக்கியது மாட்யூல் முறை. மாட்யூல் என்பது தனியே செய்து, தனியே பாதுகாத்து, வேண்டும்போது பிறவற்றோடு பொருத்தி ஓட்டத்தக்க பாதைத் துண்டு. அதன் உட்பகுதி செய்பவரின் விருப்பத்துக்கு உரியது, விளிம்புகள் மட்டும் எல்லோருக்கும் பொதுவான அளவுக்குக் கட்டுப்பட்டவை என்பதே இம்முறையின் அடிப்படை விதி.

இவ்விதியைப் பரவலாக நிலைநிறுத்தியது, 1970களின் முற்பகுதியில் கலிபோர்னியாவில் உருவான 'என்-டிராக்' தரநிலை. 4 அடி நீளமும் 2 அடி அகலமும் கொண்ட பெட்டியின் முன்விளிம்பிலிருந்து 4, 5.5, 7 அங்குலத் தொலைவில் மூன்று பாதைகள் செல்ல வேண்டும், தரையிலிருந்து தண்டவாளத்தின் உயரம் 40 அங்குலம் இருக்க வேண்டும் என்று அது வகுத்தது. அம்மூன்று பாதைகளுக்கும் முன்னிருந்து சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற நிறப்பெயர்களே வழங்குகின்றன. இவ்வளவுக்கு இடமில்லாத சிறிய வீடுகளுக்கு ஏற்றதாக, 2000ஆம் ஆண்டையொட்டி, ஜப்பானிய மேசைமேல் அமைப்புகளைப் பின்பற்றி 'டி-டிராக்' உருவாயிற்று. கால்களைத் தவிர்த்துவிட்டு, சாப்பாட்டு மேசையின் மேலேயே பரப்பி ஓட்டும் சிறு பெட்டிகளைக் கொண்ட இத்தரநிலையே வீட்டில் தொடங்குபவருக்கு மிகவும் பொருந்துவது.

அளவுகளைப் புரிந்துகொள்ள, விகிதம், பாதை அகலம் ஆகிய இரண்டையும் வேறுபடுத்தி அறிய வேண்டும். விகிதம் என்பது மாதிரி எத்தனை மடங்கு சிறியது என்பதையும், பாதை அகலம் அல்லது கேஜ் என்பது இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட தூரத்தையும் குறிக்கும். உலகின் பெரும்பாலான நாடுகளில் வழங்கும் 1435 மி.மீ. பாதையை 160ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9 மி.மீ. வரும்; இதுவே 'என்' கேஜ். 87ஆல் வகுத்தால் 16.5 மி.மீ. வரும், அது 'எச்.ஓ.' எனப்படும். இக்கணக்கு எல்லா நாட்டுக்கும் ஒத்துவருவதில்லை என்பதால்தான், 1067 மி.மீ. பாதையில் ஓடும் ஜப்பானிய ரயில்கள் 1:150 விகிதத்தில் சுருக்கப்பட்டு, அதே 9 மி.மீ. பாதையில் ஓட்டப்படுகின்றன. இந்தியாவின் 1676 மி.மீ. அகலப்பாதையை 1:87இல் சுருக்கினால் 19.3 மி.மீ. கிடைக்கும், அந்த அகலத்தில் ஆயத்தத் தண்டவாளம் கடையில் கிடைப்பதில்லை என்பதால், இந்திய ரயில்களின் மாதிரிகளும் பொதுவாக 16.5 மி.மீ. பாதையிலேயே ஓடுகின்றன.

டி-டிராக்கின் ஒற்றை மாட்யூல், ஒட்டுப்பலகையால் செய்த, அடிப்பக்கம் திறந்த ஓர் ஆழமற்ற பெட்டி. அதன் அகலம் 308 மி.மீ.; அதன்மேல் பதிக்கப்படும் பாதையோ, காட்டோ நிறுவனத்தின் 'யூனிட்ராக்' வகையில் 248 மி.மீ. துண்டும் 62 மி.மீ. துண்டும் சேர்ந்து 310 மி.மீ. நீளம். பாதை இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் வெளியே நீள்வது மிகுந்த சிந்தனையின் விளைவாகும்: இரண்டு மாட்யூல்களை அருகருகே வைத்து அழுத்தும்போது மரம் மரத்தோடு முட்டுவதற்கு முன்பே பாதை பாதையோடு சேர்ந்துவிடுகிறது, ஆகவே பலகையை அறுப்பதில் நேரும் சிறு பிழை பாதையின் இணைப்பைக் கெடுப்பதில்லை. பெட்டியின் நான்கு மூலைகளிலும் திருகி உயர்த்தத்தக்க போல்ட்டுகள் இருப்பதால், மேசை சமமாக இல்லாவிட்டாலும் பாதையைச் சமமாக்கலாம். மூலை மாட்யூல்கள் நான்கைச் சேர்த்தால் இரட்டைப் பாதை கொண்ட ஒரு முழுச் சுற்று கிடைக்கும். நேர் மாட்யூல்களை இடையில் செருகுந்தோறும் சுற்று நீளும்.

மரவேலையில் பிழை கண்ணுக்குத் தெரியும். மின்வேலையில் அது மறைந்திருக்கும் என்பதால், ஒரு மாட்யூலின் தரம் உண்மையில் அதன் அடிப்பக்கத்தில்தான் தீர்மானிக்கப்படுகிறது. மாதிரி ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளங்கள் வழியாகவே செல்கிறது: ஒரு தண்டவாளம் மின்சாரத்தைக் கொண்டுவர, சக்கரங்கள் அதைத் திரட்டி மோட்டாருக்கு அளிக்க, மற்றத் தண்டவாளம் சுற்றை நிறைவு செய்கிறது. வழக்கமான முறையில் 12 வோல்ட் வரையிலான நேர்மின்னோட்டம் தரப்படுகிறது. வோல்ட் கூடினால் வேகம் கூடும், இரு தண்டவாளங்களின் நேர், எதிர் முனைகளை மாற்றினால் ரயில் எதிர்த்திசையில் ஓடும். தண்டவாளம் செய்யப்படும் நிக்கல் சில்வர் என்பது, பெயரில் வெள்ளி இருப்பினும், செம்பு, நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றின் கலவையே; அது செம்பைப் போல எளிதில் மின்சாரத்தைக் கடத்துவதில்லை, துண்டுகளை இணைக்கும் தகடுகளோ நாளடைவில் தளர்ந்து தடையை இன்னும் கூட்டுகின்றன. மின்மூலத்திலிருந்து தொலைவு செல்லச் செல்ல ரயில் தளர்வதற்குக் காரணம் இதுவே.

இதற்குத் தீர்வு, பாதையின் அடியில் முதன்மைக் கம்பிகளாக இரு தடித்த செப்புக் கம்பிகளை நீளவாக்கில் இட்டு, அவற்றிலிருந்து குட்டையான மெல்லிய கிளைக் கம்பிகளை ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஏற்றுவதாகும். குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 2 சதுர மி.மீ. கொண்ட செப்புக் கம்பியை 10 மீட்டர் தூரத்துக்குப் போக ஒன்றும் வர ஒன்றுமாக இட்டு, 3 ஆம்பியர் மின்சாரம் செலுத்தினாலும், இழப்பு அரை வோல்ட் அளவிலேயே நின்றுவிடுகிறது. கிளைக் கம்பிகளைச் சால்டரிங் செய்யும்போது அமிலம் கலந்த பசையைத் தவிர்த்து ரோசின் பசையையே பயன்படுத்த வேண்டும். அமிலத்தின் எச்சம் இணைப்பை அரித்துவிடும். சால்டரிங் இரும்பு நன்கு சூடாகவும், தொடும் நேரம் குறைவாகவும் இருந்தால் பிளாஸ்டிக் கட்டைகள் உருகாமல் தப்பும். யூனிட்ராக்கில் கம்பி பொருத்தியே விற்கப்படும் இணைப்பிகள் கிடைப்பதால், தொடக்கநிலையில் சால்டரிங்கைத் தவிர்க்கவும் முடியும்.

மாட்யூல்கள் சேரும் இடத்தில் எந்தத் தண்டவாளம் எந்தக் கம்பியோடு சேர வேண்டும் என்பதும் முன்கூட்டியே உறுதிசெய்யப்பட வேண்டும். டி-டிராக்கில் நான்கு தண்டவாளங்களும் முன்னிருந்து நீலம், வெள்ளை, வெள்ளை, நீலம் என்ற வரிசையில் இணைக்கப்படுகின்றன. முன்னிருந்து எண்ணினாலும் பின்னிருந்து எண்ணினாலும் வரிசை ஒன்றே. பாதை வளைந்து தன்னோடு தானே சேரும் திருப்புவளையத்தில் மட்டும் இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தைத் தொட்டு ஷார்ட் ஏற்படும். அங்கே இரு தண்டவாளங்களிலும் இருபுறமும் இடைவெளி விட்டு மின்தொடர்பைத் துண்டித்து, முனைகளைத் தானே மாற்றும் கருவியைப் பொருத்த வேண்டும்.

ஒரே பாதையில் பல ரயில்களைத் தனித்தனியே இயக்க விரும்புவோர் 'டிசிசி' என்னும் இலக்கமுறைக் கட்டுப்பாட்டை நாடுகின்றனர். ஜெர்மனியின் பெர்ன்ட் லென்ஸ் உருவாக்கிய முறையை அடிப்படையாகக் கொண்டு, 1935இல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் இதைத் தரநிலையாக்கியது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட் இருக்கும். அதன் முனைகள் இடையறாது மாறிக்கொண்டேயிருக்க, அரைச்சுழற்சி 58 மைக்ரோ விநாடி நீடித்தால் '1' என்றும், 100 மைக்ரோ விநாடியோ அதற்கு மேலோ நீடித்தால் '0' என்றும் எஞ்சினுக்குள் இருக்கும் டீகோடர் படித்து, தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் நிறைவேற்றும். இக்குறிகள் சிதையாமல் சென்றடைய உறுதியான முதன்மைக் கம்பியும் அடுத்தடுத்த கிளைக் கம்பிகளும் இன்றியமையாதவை.

வேலை முடிந்ததும் மல்டிமீட்டரால் இரு தண்டவாளங்களுக்கிடையே தொடர்பு இல்லை என்பதையும், ஒவ்வொரு தண்டவாளமும் தன் கம்பியோடு மட்டுமே சேர்ந்திருக்கிறது என்பதையும் சோதிக்க வேண்டும். டிசிசி அமைப்பில் இன்னொரு சோதனையும் உண்டு: பாதையின் எந்த இடத்தில் ஓர் உலோக நாணயத்தை இரு தண்டவாளங்கள் மேலும் படும்படி வைத்தாலும், மின்வழங்கி உடனே துண்டித்துக்கொள்ள வேண்டும். துண்டிக்காவிட்டால் கம்பிகளின் தடை மிகுதி என்று பொருள். அத்தகைய பாதையில் பல ஆம்பியர் மின்சாரம் துண்டிக்கப்படாமல் பாய்ந்து சக்கரத்தையும் பிளாஸ்டிக்கையும் உருக்கக்கூடும்.

முழு ஊரையும் மலையையும் ஒரே முயற்சியில் அமைக்க முனைபவர் பெரும்பாலும் பாதியில் களைத்துவிடுகிறார். ஆனால் ஒரு முழ நீளம்கூட இல்லாத ஒற்றை மாட்யூலைச் செய்து முடிப்பவர் மரவேலை, மின்வேலை, இயற்கைக் காட்சியமைப்பு ஆகிய மூன்றையும் ஒருமுறை முழுமையாகக் கற்றுவிடுகிறார், அடுத்ததை அதைவிடச் செம்மையாகச் செய்கிறார். அவர் செய்த துண்டு சிறிதாயினும், விளிம்பின் அளவும் கம்பியின் வரிசையும் தரநிலைக்கு ஒத்திருக்குமானால், முன்பின் அறியாத ஒருவர் வேறொரு நாட்டில் செய்த துண்டோடு சேர்ந்து ஒரே பாதையாகிவிடும். ஆகவே, தொடங்குபவர் தம் கவனத்தில் பெரும்பங்கைக் காட்சியழகுக்கு முன்பாக அந்த இரு விளிம்புகளுக்கும் அடியிலுள்ள கம்பிகளுக்கும் அளிப்பதே தகும்.