முதல் பகுதி இலவசம்

பெரிய கம்பெனி எதையும் நம்பாமல், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதி விற்றுக் குடும்பம் நடத்த முடியுமா? முடியும் என்று காட்டியவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த ஜெஃப் வோகல். கணிதத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தவர், 1994-ல் ஸ்பைடர்வெப் சாஃப்ட்வேர் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். 1995 ஜனவரியில் அவருடைய முதல் விளையாட்டு 'எக்ஸைல்' மேக்கின்டோஷ் கணினிக்கு வெளிவந்தது.

ஏன் மேக்? அன்று பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் டாஸும் விண்டோஸும்தான். மேக்குக்கு விளையாட்டு எழுதியவர்கள் குறைவு. வாடிக்கையாளர் கூட்டம் சிறியது. ஆனால் புது விளையாட்டுக்கு ஏங்கிக் கிடந்த கூட்டம். தனி ஆளுக்கு அது தாராளம். விண்டோஸ் பதிப்பு பிறகு வந்தது.

விற்பனை முறை, ஷேர்வேர். முதல் பகுதியை யாரும் காசில்லாமல் ஆடலாம், நண்பருக்கும் நகல் எடுத்துக் கொடுக்கலாம். பூமிக்கடியிலுள்ள குகைகளுக்கு நாடு கடத்தப்பட்டவர்களின் கதைதான் 'எக்ஸைல்'. குகை குகையாக நடந்து, ஆள் கதைக்குள் மூழ்கிய பிறகு வழி அடைபடும். பணம் கட்டினால் ஒரு பதிவுக் குறியீடு வரும். அதைத் தட்டியதும் மீதி உலகம் திறக்கும். படங்கள் மிக எளிமையானவை. ஆடியவர்களைக் கட்டிப்போட்டது எழுத்துதான்.

அதே கதையை 'அவெர்னம்' என்ற பெயரில் 2000-ல் புதுப்பித்தார். 2011-ல் மறுபடியும். கணினிகள் மாற மாற, கைவசமுள்ள நல்ல கதையை அவற்றுக்கேற்பத் திருத்தித் தருவது தனி ஆளின் தொழிலுக்கு மிகச் சரியான கணக்கு. 2011-ன் அந்தப் புதிய வடிவம் ஐபேடுக்கும் வந்தது.