விரிதாள் வரைபடத்தை வலைப்பக்கத்தில் காட்டல்

விரிதாள் வரைபடத்தை வலைப்பக்கத்தில் காட்டல் என்பது, மேசைக்கணினியின் விரிதாள் மென்பொருளில் வரையப்பட்ட வரைபடம் ஒன்றை, அம்மென்பொருள் இல்லாதவரும் உலாவியின் வழியே காணும்படி செய்வதாகும். எக்செல், லிப்ரே ஆபிஸ் கால்க் ஆகியன பரவலாக அறியப்பட்ட விரிதாள் மென்பொருள்கள். இங்கு வரைபடம் என்பது எண்களைப் பட்டை, கோடு, வட்டம் முதலிய உருவங்களாகக் காட்டும் படத்தைக் குறிக்கின்றது, நிலப்படத்தை அன்று.

விரிதாளில் எண்ணை மாற்றினால் பட்டையின் உயரமும் மாறும். வலைப்பக்கத்துக்குச் செல்லும்போது எண்ணுக்கும் படத்துக்கும் உள்ள இவ்விணைப்பு பெரும்பாலும் அறுந்துவிடுகின்றது. முறைகளுக்கு இடையிலான முதன்மையான வேறுபாடு இதில்தான் உள்ளது.

எடுத்துக்காட்டு

விருதுநகர் மாவட்டத்தில் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரு நகராட்சிகள் அருகருகே அமைந்துள்ளன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இராஜபாளையத்தின் மக்கள்தொகை 1,30,442. ஸ்ரீவில்லிபுத்தூரின் மக்கள்தொகை 75,396. இவ்விரு எண்களை விரிதாளில் இட்டுப் பட்டை வரைபடம் வரைந்தால், முதல் பட்டை இரண்டாவதைப் போல் ஏறத்தாழ 1.7 மடங்கு உயரமாக இருக்கும். இவ்வரைபடத்தை வலைப்பக்கத்தில் இட மூன்று வழிகள் உள்ளன.

படிமமாகக் காட்டல்

வரைபடத்தைப் படிமக் கோப்பாகச் சேமித்து வலைப்பக்கத்தில் சேர்ப்பதே எளிய முறையாகும். இதற்கு பிஎன்ஜி வடிவம் ஏற்றது. ஒளிப்படங்களுக்கு உகந்த ஜேபெக் வடிவம், சுருக்கும்பொழுது எழுத்துகளின் ஓரங்களையும் மெல்லிய கோடுகளையும் மங்கச் செய்கின்றது.

படிமத்தில் தமிழ் எழுத்துகளும் புள்ளிகளாகவே பதிவாகின்றன. எனவே பார்ப்பவரின் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிடினும் ஊர்ப்பெயர்கள் சரியாகத் தெரியும். ஒருங்குறி பரவுவதற்கு முன் இது பெரிய நன்மையாக இருந்தது. ஆனால் அவ்வெழுத்துகளைத் தேடுபொறியும் திரைபடிப்பானும் உரையாகப் பெற இயலாது. பெரிதாக்கினால் படம் மங்கும். விரிதாளில் எண் மாறினாலும் படிமம் மாறாது.

திசையன் படமாகக் காட்டல்

எஸ்விஜி என்பது கோடுகளையும் எழுத்துகளையும் கட்டளைகளாகச் சேமிக்கும் வடிவமாகும். இதன் முதற்பதிப்பு 2001ஆம் ஆண்டில் வலைத் தரமாகப் பரிந்துரைக்கப்பட்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவி 2011ஆம் ஆண்டில் வெளியான 9ஆம் பதிப்பில்தான் இதனை நேரடியாகக் காட்டத் தொடங்கியது. எஸ்விஜி படம் எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவாக இருக்கும். எழுத்துகள் உரையாகவே சேமிக்கப்பட்டிருப்பின் அவற்றைத் தேடவும் முடியும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்னும் பெயர் திருவில்லிபுத்தூர் எனவும் எழுதப்படுகின்றது. படத்தில் ஒன்றும் பக்கத்தின் உரையில் மற்றொன்றும் இருந்தால், தேடுபவர் ஒன்றைத் தவறவிடக்கூடும். ஆதலால் ஒரே வடிவத்தை எங்கும் கையாள்வது நல்லது.

உலாவியிலேயே வரைதல்

மூன்றாவது முறையில் எண்கள் மட்டுமே அனுப்பப்படுகின்றன. படத்தை உலாவி வரைகின்றது. எக்செல் 2000 முதல் எக்செல் 2003 வரையான பதிப்புகளில், வரைபடத்தை ஊடாடும் வலைப்பக்கமாகச் சேமிக்கும் வசதி இருந்தது. பக்கத்திலேயே எண்ணை மாற்றினால் பட்டையும் மாறியது. ஆனால் அதற்கு இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் தனியான துணைக்கூறுகளும் தேவைப்பட்டன. எக்செல் 2007இல் இவ்வசதி நீக்கப்பட்டது. படிமமும் அட்டவணையும் இல்லாமல் இவ்வசதியை மட்டும் நம்பிய பக்கங்களில், பிற உலாவிகளில் வரைபடம் தெரியவில்லை. இன்று இவ்வேலை பொதுவாக ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களால் செய்யப்படுகின்றது. அந்நிரல் செயற்படாவிடில் வரைபடமும் தோன்றாது.

அச்சின் தொடக்கமும் ஆண்டும்

பட்டை வரைபடத்தில் நிலைக்குத்து அச்சு பூச்சியத்தில் தொடங்க வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அச்சினை 70,000இல் தொடங்கினால், ஸ்ரீவில்லிபுத்தூரின் பட்டைக்கு 5,396 அளவு உயரமும், இராஜபாளையத்தின் பட்டைக்கு 60,442 அளவு உயரமும் மட்டுமே எஞ்சும். 1.7 மடங்காக உள்ள வேறுபாடு, கண்ணுக்கு 11 மடங்காகத் தோன்றும். எண்கள் நெருங்கியிருக்கும்போது மென்பொருள் தானாகவே அச்சைப் பூச்சியத்துக்கு மேல் தொடங்கக்கூடும். விரிதாளில் எண்கள் அருகிலேயே இருப்பதால் இது உடனே புலப்படும். தனிப் படிமத்தில் எளிதில் புலப்படாது.

ஆண்டைக் குறிப்பதும் அவ்வாறே தேவையானது. 2021ஆம் ஆண்டில் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டதால், 2011ஆம் ஆண்டின் எண்கள் நெடுங்காலம் பயன்பட்டு வந்தன. ஆண்டு பொறிக்கப்படாத படிமம் வேறு பக்கங்களுக்குப் படியெடுக்கப்படும்பொழுது, பழைய எண் புதிய எண்ணாக எடுத்துக்கொள்ளப்படும்.

எண்களையும் உடன் தருதல்

எம்முறையைக் கையாண்டாலும், வரைபடத்தின் கீழே ஊர், ஆண்டு, மக்கள்தொகை ஆகியவற்றைச் சிறு அட்டவணையாகத் தருவது அறுந்த இணைப்பை ஈடுசெய்கின்றது. படிமத்துக்கு மாற்று உரையும் எழுதவேண்டும். "பட்டை வரைபடம்" என்று மட்டும் எழுதினால், பார்வையற்ற வாசகர் அதிலிருந்து ஒன்றும் அறிய இயலாது. "2011ஆம் ஆண்டில் இராஜபாளையத்தின் மக்கள்தொகை 1,30,442, ஸ்ரீவில்லிபுத்தூரின் மக்கள்தொகை 75,396" என எழுதினால், பட்டைகள் சொல்லும் செய்தி அவருக்கும் கிடைக்கும். அட்டவணை இருப்பின், மென்பொருள் வழக்கொழிந்த பின்னரும் எவரும் அவ்வெண்களைக் கொண்டு வரைபடத்தைப் புதிதாக வரைந்து சரிபார்க்கலாம்.